தொட்டி மரத்துக்குப் பத்து நாள்

அந்த மரம் அவர்கள் வீட்டுக்கு வந்து அப்போது பதினோரு வருடமா, பன்னிரண்டா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. வீட்டுக்காரர் தோர்கில்டே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார். மற்றதை அவர் சொன்னபடி சொல்கிறேன்; பக்கத்து வீட்டுக்காரனான நான் நேரில் பார்த்தது கொஞ்சம்தான்.

வெட்டிய மரத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது அவர் மனைவி ரிக்மோரின் பிடிவாதம். ஜனவரியில் எங்கள் தெருவோரமெல்லாம் காய்ந்த கிறிஸ்துமஸ் மரங்கள் கிடக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள். அவர்களுடையது தொட்டியில் வளரும் ஊசியிலை ஃபர் மரம். வருடம் முழுக்கக் கொல்லையில் வடக்குச் சுவரோரம் நிற்கும். பண்டிகைக்கு உள்ளே வந்தால் பத்தே நாள். அதற்கு மேல் கதகதப்பில் இருந்தால் வசந்தம் வந்துவிட்டதென்று நம்பித் துளிர்விடும். பிறகு வெளியே வைத்தால் உறைபனி மரத்தையே கொன்றுவிடும்.

அந்த வருடம் ரிக்மோரின் கட்டில் கூடத்துக்கு வந்திருந்தது. கிறிஸ்துமஸ் வரை தாங்குவது சந்தேகம் என்று மருத்துவர் அவளிடமே சொல்லியிருந்தார். நவம்பர் கடைசியில் ஒரு காலை, தோர்கில்ட் மரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுவந்தார்.

"இப்பவேவா?" என்றாள் ரிக்மோர். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி கதவைத் திறக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"பயணி அவசரப்படுத்தினா திறக்கலாம்."

"நான் ஒண்ணும் அவசரப்படுத்தல." சிரிக்கப் போய் இருமினாள். "சரி, பத்து நாள். எண்ணிட்டே இருப்பேன்."

மருந்து மயக்கத்தில் அவளால் எண்ண முடியவில்லை. விழிக்கும்போதெல்லாம் எத்தனையாவது நாள் என்று கேட்பாள். ஐந்து என்றார். மறுமுறை ஆறு என்றார். உண்மையில் அன்று பதிமூன்று. அவளுக்குக் குளிர்கிறதென்று ஹீட்டரை முழுதாகத் திருப்பி வைத்திருந்தார். கண் திறந்ததும் அவள் பார்வை மரத்துக்குத்தான் போகும். அந்த இடம் காலியாக இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எட்டு என்று அவர் சொன்ன நாள் மத்தியானம் ரிக்மோர் கையை நீட்டி ஒரு கிளையின் நுனியைத் தொட்டாள். பழுப்பு உறை பிளந்து வெளிர்பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"தோர்கில்ட், இது எட்டு நாள்ல வராது."

அவர் கிளையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை நாள் ஆச்சு?"

"இருபத்தி நாலு."

அவள் கிளையிலிருந்து விரலை எடுத்தாள். ஹீட்டர் குழாயில் வெந்நீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கிறிஸ்துமஸுக்கு இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கு, என்னால முடியாதுன்னு நேத்து முழுக்க அழுதேன்," என்றாள் கடைசியில். "நீ பக்கத்துலயேதான் உக்காந்திருந்தே."

அவள் மரத்தைக் கைகாட்டினாள்.

"கண்ணாடித் தாழ்வாரத்துல வை. அங்க ஹீட்டரும் இல்ல, பனியும் இல்ல. ஏப்ரல் முடியற வரைக்கும் வெளிய எடுக்காதே. கேட்டுச்சா?"

"அங்க வெச்சா உன் கண்ணுக்குத் தெரியாதே."

"தெரியணும்னு நான் கேட்டேனா?"

அவர் மரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை மகள் விபேகா ஆர்ஹூஸ் நகரத்திலிருந்து வந்திருந்தாள். எங்கள் ஊர் வழக்கப்படி மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாட ஆள் போதாதென்று என்னையும் கூப்பிட்டாள். மரம் கூடத்தில் இல்லை என்பது வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தோர்கில்ட் கட்டிலை அறையின் நடுவே இழுத்தார்.

"என்னையே மரமாக்கிட்டீங்களா?" என்றாள் ரிக்மோர். "மெழுகுவத்தியை மட்டும் எம்மேல குத்தி வெச்சிடாதீங்க."

மூன்று பேராய்ச் சுற்றினோம். கை எட்டாத இடத்தில் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டோம். தோர்கில்ட் பாடவில்லை.

ரிக்மோர் ஜனவரி நான்காம் தேதி இறந்தாள். மார்ச்சில் ஒரு வாரம் நல்ல வெயில் அடித்தது. ஏப்ரல் வரை பொறுக்காமல் தோர்கில்ட் மரத்தை வெளியே வைத்தார். மூன்றாம் நாள் உறைபனி விழுந்தது. மரம் நுனியிலிருந்து பழுத்துச் செத்தது. அதை அவரே அறுத்துத் துண்டாக்கிக் கொல்லைச் செடிகளுக்கு அடியில் பரப்பினார். விபேகா டிசம்பரில் வந்து போகிறாள். தோர்கில்ட் அதே வீட்டில்தான் இருக்கிறார். தொட்டி வடக்குச் சுவரோரம் காலியாக இருக்கிறது.