கவுதாரிக்குச் சிறகு குட்டை

தர்மனின் எடை ஐம்பத்து நாலு கிலோ. விமானத்துக்கு அது நாலு கிலோ அதிகம் என்று மலர்க்கொடியின் கணக்கு சொன்னது.

ஒரு தடவை போட்ட கணக்கை அவள் நம்புகிறவள் இல்லை. மூன்றாம் தடவையும் போட்டுப் பார்த்தாள். மரச்சட்டம், துணி, சக்கரம், எஞ்சின் எல்லாம் சேர்த்து நூற்று முப்பத்தெட்டு. பெட்ரோல் எட்டு. திருச்சியில் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய ஜெனரேட்டர் எஞ்சின் நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோவுக்கு மேல் தூக்காது. ஆக, ஆளுக்கு மிஞ்சுவது ஐம்பது.

"நாலு கிலோ கூட இருக்கீங்க," என்றாள்.

"அப்ப ஒரு காலை வூட்லயே கழட்டி வச்சுட்டுப் போறேன்," என்றான் தர்மன்.

அது 1979 தை மாதம். தர்மன் ரெட்டிபாளையத்தில் ஒரு சிமென்டு ஆலையில், மூட்டை கட்டும் பிரிவில் ஃபிட்டர். திருச்சிக்கு ஒரு வேலையாகப் போனபோது விமானப் பயிற்சிக் கழகத்து மெக்கானிக் நடராசனோடு பழக்கமாகி, அவர் தயவில் இரண்டு தடவை சின்ன விமானத்தில் ஏறிவிட்டு வந்திருந்தான். அதிலிருந்து இதே பேச்சு. ஒரு ஃபிட்டர், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில், தானே செய்து தானே ஓட்டக்கூடிய விமானம். தாழப் பறந்து தரிசில் இறங்கும் கவுதாரியின் பெயரை அதற்கு வைத்தான். யோசனைகள் அவனுடையவை, அவற்றை அளவுக்குள் கொண்டுவருவது அவன் மனைவி மலர்க்கொடி. அதே ஆலையின் வரைபட அறையில் அவள் தினக்கூலிக்கு வரைபடங்களைப் படி எடுத்தாள். சாயங்காலம் பஸ் ஏறி அரியலூருக்குப் போய்ப் பொறியியல் வரைபட வகுப்பில் உட்கார்ந்தாள். அங்கே பெண் என்று அவள் ஒருத்திதான்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அப்படியே கடைப்பிடித்தாள். வரைபடத்தில் எதை மாற்றினாலும் மூலையில் உள்ள திருத்த அட்டவணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: திருத்த எண், தேதி, காரணம். விமானியின் எடையும் ஓர் அளவுதான், அதையும் வாராவாரம் சரிபார்க்க வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் தர்மன் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பான். தீப்பெட்டியில் எழுதிக்கொண்டு வருவான். அவள் நோட்டில் ஏற்றுவாள்.

சித்திரையில் ஐம்பத்து மூன்று. ஆவணியில் ஐம்பத்திரண்டு. தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தான்.

"மலரு, ஐம்பத்தொண்ணு. நோட்டை எடு."

அன்று இருவரும் சேர்ந்து அந்த எண்ணைக் கொண்டாடினார்கள். ஆள் எடை குறைந்தால் சிறகு சிறியதாக இருந்தால் போதும். சிறகு சிறுத்தால் அதன் எடையும் குறையும். டிரேசிங் தாளில் மை உலர்ந்திருந்த 54-ஐ அவள் அரை பிளேடால் மெல்லச் சுரண்டினாள். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, 51 என்று எழுதினாள். இருபத்தெட்டு அடிச் சிறகில் பக்கத்துக்கு ஓரடி குறைத்தாள். அட்டவணையில் முதல் வரி: 'திருத்தம் 1. காரணம்: விமானியின் எடை குறைந்தது.'

தர்மனின் அக்கா காத்தாயி பொங்கலுக்கு வந்திருந்தாள். தம்பியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"ஏண்டி, எந்தம்பிக்குச் சோறு போடுறியா, இல்ல படத்தைக் காட்டியே தூங்க வைக்கிறியா?"

"நல்லாத்தான் சாப்புடுறாரு அண்ணி."

"நல்லாச் சாப்புடுறவன் தோள்பட்டை இப்படியா துருத்திக்கிட்டு நிக்கும்? இருமுறான் வேற."

"மூட்டைக் கட்டுல இருமாதவன் எவன் இருக்கான்க்கா," என்றான் தர்மன். "அங்க இருமலைன்னா வேலைக்கு வரலைன்னு அர்த்தம்."

காத்தாயியே சிரித்துவிட்டாள். நாத்தனாரின் குத்தல் மலர்க்கொடிக்கு உறைக்கத்தான் செய்தது. மறுநாளிலிருந்து அவன் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள். அவன் பாதியை வைத்துவிட்டு எழுந்தான். "இறக்கையை மறுபடி நீளமாக்கணுமா? வேணாம் புள்ள," என்றான். அது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

1980 ஆடியில் நாற்பத்தெட்டு. சிமென்டு மூட்டையே ஐம்பது கிலோ என்பதால், பிரிவில் இருந்தவர்கள் அவனைத் தூக்கித் தோளில் வைத்து லாரியில் ஏற்றப்போவதாக விளையாடினார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு இரண்டாம் திருத்தத்தை எழுதினாள். சிறகு இருபத்து நாலு அடி. 1981 மாசியில் நாற்பத்து நாலு. மூன்றாம் திருத்தம், இருபத்திரண்டு அடி. காரணப் பகுதியில் மூன்று வரியும் ஒன்றுபோல, ஒரே கையெழுத்தில், பார்க்க அழகாக இருந்தது.

பங்குனிக் கடைசியில் வறண்ட ஏரிக்குள் அதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திருச்சியிலிருந்து நடராசன் வந்திருந்தார். ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "தரையிலயே ஓட்டுங்க தம்பி. தூக்குனா உடனே இறக்கிடுங்க," என்றார். இரண்டு தடவை தரையிலேயே ஓடியது. மூன்றாம் தடவை, ஏரியின் பாதியில், சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஓர் ஆள் உயரம். அவ்வளவு உயரத்தில் நூறு கஜம் போயிற்று. பிறகு மெத்தென்று இறங்கி நின்றது.

தர்மன் இறங்கி வந்தான். பேச வாயெடுத்தான், இருமல் வந்தது. குனிந்து நெடுநேரம் இருமினான். துப்பியதைக் காலால் மண்ணைத் தள்ளி மூடினான். நடராசன் அதைப் பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, நாளைக்கே இவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ," என்றார்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை நிறுத்துப் பார்த்தார். நாற்பத்து மூன்று. நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"எவ்வளவு நாளா இளைக்கிறாரு?"

கேட்ட கேள்விக்குச் சரியான விடை அவளிடம் இருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தாள். தேதி, கிலோ, தேதி, கிலோ. ஒரு வெள்ளிக்கிழமைகூட விடுபடவில்லை. டாக்டர் பக்கங்களைத் திருப்பினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"ரெண்டு வருசமா இவ்வளவு ஒழுங்கா எழுதியிருக்கீங்க. ஒரு தடவைகூடக் கூட்டிட்டு வரணும்னு தோணலியாம்மா?"

அவர் திட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மலர்க்கொடி நோட்டைப் பார்த்தாள். அதே எண்கள்தான். அவள் கையெழுத்துதான். வாரம் தவறாமல் அவனுடைய உயிர் இறங்கிக்கொண்டே வந்ததை வாரம் தவறாமல் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள்.

நுரையீரல் இரண்டும் போய்விட்டிருந்தன. ஆவணி மாதம் தர்மன் இறந்தான்.

அதற்குப் பிறகு அவள் கொட்டகையைத் திறக்கவில்லை. காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து வந்த நடராசன் வரைபடங்களைப் படி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் பாட்டுக்கு வேலைக்குப் போனாள், வகுப்புக்குப் போனாள். தேர்விலும் தேறினாள்.

1986-இல் நடராசன் மறுபடி வந்தார். கையில் ஒரு கட்டு புகைப்படம். கோயம்புத்தூர், பெங்களூர், புனே என்று வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வண்ணத்தில் பதினாலு கவுதாரிகள். எல்லாவற்றுக்கும் அதே குட்டைச் சிறகு.

"பதினாலு, தங்கச்சி. இன்னும் அம்பது பேரு படம் கேட்டு எழுதியிருக்காங்க. எங்க சங்கத்துப் பத்திரிகைல இது எப்படி உருவாச்சுன்னு போடணும்கிறாங்க. முக்கியமா இந்தக் குட்டைச் சிறகு. இவ்வளவு சின்ன சிறகை யோசிச்சவரு யாரு, எப்படி யோசிச்சாருன்னு எல்லாருக்கும் ஆச்சரியம்."

அவள் புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவர் உற்சாகத்தில் தொடர்ந்தார்.

"கோயம்புத்தூர்ல ரெண்டு பசங்க கூத்தைக் கேளேன். படத்துல விமானி நாப்பத்து நாலுன்னு போட்டிருக்குல்ல. அந்த எடைக்கு வந்தாத்தான் ஏறுவோம்னு ஒரு வேளைதான் சாப்புடுறானுங்க."

"சாப்பிடச் சொல்லுங்கண்ணே."

"விளையாட்டுக்குத்தான் தங்கச்சி..."

"இன்னைக்கே தந்தி அடிச்சு சாப்பிடச் சொல்லுங்க. நான் படத்தை மாத்தித் தரேன்."

பெட்டியிலிருந்து மூல வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தாள். அவர் திருத்த அட்டவணையை முதல் தடவையாக வாய்விட்டுப் படித்தார். மூன்று வரி. மூன்று தேதி. படித்து முடித்ததும் புகைப்படங்களைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

"இதுதாண்ணே அது உருவான கதை. அவரு இளைக்க இளைக்க நான் வெட்டுனேன்," என்றாள். "போட்டுக்குங்க."

"எப்படிம்மா போடுறது?"

"அப்ப போடாதீங்க. எழுபது கிலோ ஆளு உக்கார்ற மாதிரி, பெரிய எஞ்சின் வச்சு, பழைய இருபத்தெட்டு அடியே வரைஞ்சு தரேன்."

"சிறகு நீண்டுடுச்சுன்னா அது கவுதாரியே இல்லியே தங்கச்சி. அதுக்காகத்தானே கேட்டு எழுதுறாங்க."

"இல்லாட்டிப் போவட்டும்."

அவர் வாதாடவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அதே பட்டாளத்து எஞ்சினைப் பொருத்தி, மணல் மூட்டை ஏற்றிச் சோதித்த அளவுகள். குட்டைச் சிறகோடே இருநூற்றைந்து கிலோ வரை எழும்பியிருந்தது.

மலர்க்கொடி அந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள். எழுந்து போய் 1979-ஆம் வருடத்து நோட்டைத் தேடி எடுத்தாள். எஞ்சினின் இழுவைக் கணக்கு முதல் பக்கத்திலேயே இருந்தது. விடை வந்த பிறகு, அதை நம்பாமல், பயத்துக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்து நூற்றுத் தொண்ணூற்றாறு ஆக்கியிருந்தாள். ஓரத்தில் பென்சிலால் 'சந்தேகத்துக்கு' என்று எழுதியும் வைத்திருந்தாள்.

ஒரு வெள்ளைத் தாள் எடுத்தாள். இருபத்தெட்டு அடிச் சிறகு. விமானம் நூற்று முப்பத்தெட்டு. பெட்ரோல் எட்டு. விமானி என்ற இடத்தில் எழுபது எழுதவில்லை. ஐம்பத்து நாலு என்று எழுதினாள். கூட்டினால் இருநூறு. எழும்பியிருக்கும். இரண்டாம் தடவை போட்டாள். மூன்றாம் தடவையும் போட்டாள்.

"என்ன தங்கச்சி, இடிக்குதா?" என்றார் நடராசன்.

"இல்லண்ணே," என்றாள் அவள். "சரியா வருது."