அடுப்பில்லாத கூடாரம்

சைரா முன்னமே சொல்லிவிட்டாள். "இந்த ஒரு தடவை வர்றேன். பிடிக்கலேன்னா அப்புறம் நீங்களாச்சு, உங்க சைக்கிளாச்சு."

இருபது வருடமாகச் சைக்கிளில் தனியாக மலையேறுகிறவன் நான். என் மனைவியும் பக்கத்தில் மிதித்துக்கொண்டு வந்தால் எப்படியிருக்கும் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். அவளுக்குப் பாரமே தெரியக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். கெண்டி வேண்டாம், வாணலி வேண்டாம். கனமில்லாத டைட்டானியம் குவளை ஒன்று போதும். மிஞ்சியது ஸ்டவ்வும் காஸ் டப்பாவும். இரண்டும் சேர்ந்து அறுநூறு கிராம்.

"இதுவும் வேண்டாம்," என்றேன். "நம்ம மேய்ச்சல் மலையில எந்த இடையர் கூடாரத்துல தலையை நீட்டினாலும், டீயும் ரொட்டியும் வச்சிட்டுத்தான் பேரையே கேப்பாங்க."

"ஊரான் அடுப்பை நம்பித்தான் கிளம்புறீங்களாக்கும்."

"வெளிநாட்டுக்காரன்தான் ஸ்டவ்வைக் கட்டிக்கிட்டு அலைவான். நமக்கெதுக்கு?"

வறுத்த பார்லி மாவு ஒரு பை, காய்ந்த தயிர் உருண்டை ஒரு பை. அவ்வளவுதான் சாப்பாடு.

செப்டம்பர் கடைசியில் கிளம்பி, இரண்டு நாள் ஏறி ஏரிக்கரைக்கு வந்தோம். ஒரு கூடாரம்கூட இல்லை. இந்த வருடம் பனி முந்திக்கொண்டதால் எல்லோரும் மந்தையோடு கீழே இறங்கிவிட்டிருந்தார்கள். கூடாரம் நின்ற இடங்களில் வட்ட வட்டமாக மஞ்சள் புல். தீ மூட்டப் பொறுக்கிய சாணமெல்லாம் ஈரம், பற்றவே இல்லை. பச்சைத் தண்ணீரில் மாவைக் குழைத்துத் தின்றோம். சைரா முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலையில் குதிரைமேல் ஒரு பெரியவர் வந்தார். பெயர் ஷெர்காசி. காணாமல் போன பெண்குதிரையை இரண்டு நாளாகத் தேடுகிறாராம்.

"தூரத்துலேருந்தே உங்க கூடாரம் தெரிஞ்சுது தம்பி. அப்பாடா, சூடா ஒரு வாய் டீ கிடைக்கும்னு வந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விருந்தாளியாகப் போவதற்குத்தான் கணக்குப் போட்டேனே தவிர, என்னைத் தேடியும் ஒரு விருந்தாளி வருவார் என்று தோன்றவே இல்லை. வந்தவருக்கு டீ இல்லை என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அடுப்பு கொண்டு வரலைண்ணே."

"அடுப்பில்லாமலா? ஏன், கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார்.

சைரா மிச்சமிருந்த மாவு முழுவதையும் குவளையில் கொட்டிக் குழைத்து, தயிர் உருண்டையை உடைத்துப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். "சூடா இல்ல. தப்பா நினைச்சுக்காம சாப்பிடுங்க."

அவர் வழித்துத் தின்றார். உள்ளங்கைகளால் தன் முகத்தைத் தடவி ஆசி சொல்லிவிட்டுப் புறப்பட்டார். எங்களுக்கு நாலு தயிர் உருண்டை மிஞ்சியது.

இனி இவள் வரமாட்டாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கூடாரத்தைச் சுருட்டும்போது அவள்தான் பேசினாள்.

"அடுத்த வருஷம் மூட்டை கட்டுறது நான். அடுப்பு என் சைக்கிள்ல வரட்டும்."

"அடுத்த வருஷமா?"

"பின்னே? அந்த மனுஷனுக்கு ஒரு டீ பாக்கி நிக்குதில்ல."