வாயிற்காவலர் விடைபெறுகிறார்: ஒரு திருத்தம்

1.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, என் சோம்பலில் உதித்தது. நான் ஒரு பள்ளியில் அலுவலக எழுத்தர். வாரா வாரம் வியாழக்கிழமை பெற்றோருக்கான அறிவிப்புத் தாளைத் தயாரித்து, நகலெடுத்து, மாலை மணி அடிப்பதற்குள் பிள்ளைகளின் பைகளில் சேர்ப்பது என் வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன்.

இரண்டையும் விடாமல் படிப்பவள் என் தங்கை. அவள் பிள்ளையும் இங்கேதான் படிக்கிறான்.

"அண்ணா, உன் கதையெல்லாம் சர்க்குலர் மாதிரியே இருக்கு. படிச்சு முடிச்சதும் கீழ கையெழுத்து போட்டுக் குடுக்கணுமோன்னு தோணுது" என்றாள் போன மாதம்.

சுருக்கென்றது. சரி, ஒரு சர்க்குலரையே கதையாக்கிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். அதற்குத் தோதாக ஒரு தப்பும் கைவசம் இருந்தது.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

'அன்று காலையிலிருந்தே வானம் இருண்டு, ஏதோ நடக்கப்போவதற்கு அறிகுறியாக' (இல்லை. அன்று நல்ல வெயில். விடுதித் துணிகளெல்லாம் பத்து மணிக்கே காய்ந்துவிட்டன என்று எழுத நினைத்தேன். எங்களுக்கு விடுதியே கிடையாது.)

இரண்டாம் முயற்சி:

'பள்ளியின் இரும்புக் கதவு ஆயிரம் பிள்ளைகளின் சிரிப்பை' (இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். வருகைப் பதிவேடு என் மேசையில்தான் இருக்கிறது.)

மூன்றாம் முயற்சி:

'அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.'

இதுதான் தடங்கலில்லாமல் வருகிறது. தங்கை சொன்னது வீண்போகவில்லை.

3.

தொழில் ரகசியம் ஒன்று. எந்த வாரத் தாளையும் நான் புதிதாக எழுதுவதில்லை. போன வருடம் அதே வாரத்துக்கான தாளைக் கணினியில் திறந்து, தேதிகளை மாற்றி, அச்சுக்கு அனுப்பிவிடுவேன். விளையாட்டு விழா, பல் பரிசோதனை, நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லும் கெஞ்சல் எல்லாம் வருடா வருடம் அதே வாரத்தில்தான் வருகின்றன. பள்ளிக்கூடத்தில் வளர்வது பிள்ளைகள் மட்டும்தான்.*

(*காணாமல் போன தண்ணீர்ப் புட்டிகளின் பட்டியலைக்கூட நான் மாற்றுவதில்லை. 'மூடி இல்லாத நீலப் புட்டி' மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. யாரும் கேட்டதில்லை.)

போன வருடம் இதே வாரத்துத் தாளில் ஒரு செய்தி இருந்தது. 'நம் வாயிற்காவலர் அடுத்த வெள்ளிக்கிழமையோடு விடைபெறுகிறார். பிற்பகல் மூன்று மணிக்கு முற்றத்தில் கூடுவோம். அவரைப் பற்றி இரண்டு வரி எழுதி, கீழ்ச்சீட்டைக் கிழித்து, பெற்றோர் கையொப்பத்துடன் வாயிலில் உள்ள பெட்டியில் போடவும்.'

அது பழைய காவலர் ஓய்வு பெற்றபோது எழுதியது. அவர் இப்போது மகன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். இந்த வருடம் நான் தேதியை மட்டும் மாற்றினேன். செய்தியை எடுக்க மறந்துவிட்டேன். வியாழன் மாலை இருநூற்றுப் பன்னிரண்டு பைகளில் அது வீடு போய்ச் சேர்ந்தது.

4.

இப்போது வாயிலில் நிற்பவர் வேறொருவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பூட்டக்கா. எட்டரைக்குக் கதவைப் பூட்டுவார். எட்டு முப்பத்தொன்றுக்கு வந்தால் தாமதப் பதிவேட்டில் பெயர், நேரம், காரணம் மூன்றும் எழுதிய பிறகுதான் பூட்டு திறக்கும். பிள்ளையானாலும் சரி, ஆசிரியரானாலும் சரி. என் பெயர் அதில் பதினேழு இடத்தில் இருக்கிறது.

(இவரைப் பாத்திரமாக்குவதில் எனக்குத் தயக்கம் இருந்தது. கறாரான ஆள் என்றால் உள்ளுக்குள் உருகுபவராக இருக்க வேண்டும் என்று கதைகளில் ஒரு வழக்கம். நான் பார்த்தவரை இவர் உள்ளேயும் கறார்தான்.)

அவர் வேலைக்கு வந்து பதினோரு மாதம். ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் இங்கே வேலையை நிரந்தரமாக்குவார்கள். அதை முடிவு செய்யும் கமிட்டி, தாள் வீடு போன வியாழனுக்கு அடுத்து வரும் புதன்கிழமை கூடவிருந்தது. கோப்பில் பெற்றோர் எழுதிய புகார்கள் மூன்று இருந்தன. அவருடைய மகள் இங்கேதான் ஐந்தாம் வகுப்பு. ஊழியரின் பிள்ளை என்பதால் கிடைத்த இடம். வேலை போனால் அந்த இடமும் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. ஐந்தாம் வகுப்பிலும் பைகள் இருக்கின்றன. அவற்றிலும் தாள் போயிருந்தது.

5.

வெள்ளிக்கிழமை காலை. நான் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு சீட்டு நீண்டது.

"பொண்ணு பையில வந்துச்சு சார். கையெழுத்து போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தீங்க. போட்டுட்டேன்."

'விடைபெறுபவரைப் பற்றி' என்று நான் அச்சடித்திருந்த கோட்டுக்குக் கீழே, திருத்தமான கையெழுத்தில் இரண்டே வரி:

நேரத்துக்கு வருவார்.
போகும் எண்ணம் அவருக்கு இல்லை.

சீட்டை வாங்கி மடித்துக்கொண்டேன்.

"அக்கா, இதுல ஒரு தப்பு நடந்துபோச்சு..."

"என்னை நிறுத்தறதுன்னா நேரா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே சார். எம் பொண்ணு கையிலயா குடுத்து அனுப்பணும்? அவதான் எனக்குப் படிச்சுக் காட்டினா. மூணு மணிக்குக் கூடணுமாம், நானும் வரணுமான்னு கேக்கறா."

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். போன வருடத்துத் தாள், பழைய காவலர், மாற்றிய தேதி, மாற்றாத செய்தி.

"அப்ப என்னை நிறுத்தல."

"இல்லக்கா."

"நிரந்தரமும் பண்ணல."

"அது புதன்கிழமைதான் தெரியும்."

"சரி. பதிவேட்டுல எழுதுங்க. எட்டு முப்பத்தாறு."

காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். தாமதம், தாள் இரண்டுக்கும் அது பொருந்தியது.

6.

இந்த இடத்தில் தலைமையாசிரியை என் மீது எரிந்து விழ வேண்டும். விழுந்தார். அதை விவரிக்காமல் விடுவது ஆசிரியன் என்ற முறையில் நான் எடுத்துக்கொள்ளும் ஒரே சலுகை.

அவர் திட்டி முடிப்பதற்குள் பூட்டக்கா பெட்டியோடு உள்ளே வந்தார். வாயிலில் தொங்கும் பெட்டியைத் தினமும் ஒன்பது மணிக்குக் கழற்றிக் கொண்டுவருவது அவர் வேலை. அன்று மூடி மூடவில்லை. சாதாரணமாக ஒரு சுற்றுலாச் சம்மதச் சீட்டைத் திரும்பப் பெறவே நான் மூன்று நினைவூட்டல் அனுப்ப வேண்டும். அன்று ஒரே காலையில் தொண்ணூற்றொரு சீட்டு.

"எல்லாம் எனக்கு வந்ததா?" என்றார் பூட்டக்கா.

"உங்களுக்குத்தான்" என்றார் தலைமையாசிரியை. அவர் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"அப்ப நீங்க படிங்க. நான் வகுப்பு வாரியா அடுக்கறேன்."

படித்தோம்.

'எங்கள் வீட்டில் எட்டு மாதமாக எல்லோரும் நேரத்துக்கு எழுந்திருக்கிறோம். பயத்தில்தான். நன்றி.'

'பூட்டக்கா என் பல்லைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.' (இரண்டாம் வகுப்பு. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு உயரம்.)

'என் மகனை அழைத்துப் போக என் அப்பாவை அனுப்பினேன். பட்டியலில் பெயர் இல்லையென்று இவர் விடவில்லை. அப்பா நிஜமாகவே தாத்தாதான். அன்று கோபத்தில் புகார் எழுதிய ஆள் நான்தான். யோசித்துப் பார்த்தால், தாத்தா இல்லாத ஒருவர் வந்திருந்தாலும் இவர் விட்டிருக்க மாட்டார். இவர் போவதில் எனக்கு வருத்தம்.'

தலைமையாசிரியை அந்தச் சீட்டை மட்டும் தனியே எடுத்தார். அலமாரியைத் திறந்து, மூன்று புகார்கள் இருந்த கோப்பில், அதே நபரின் புகாரோடு சேர்த்துக் குத்தி வைத்தார். "இருக்கட்டும். கமிட்டி ரெண்டையும் சேர்த்தே படிக்கட்டும்" என்றார்.

இங்கே 'பூட்டக்காவின் கண்கள் கலங்கின' என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கலங்கியவை என் கண்கள். இத்தனை வருடமாகத் தங்கையைத் தவிர ஒருவரும் படிப்பதில்லை என்று நினைத்துத்தான் நான் அந்தத் தாளை அனுப்பிக்கொண்டிருந்தேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஐந்தாம் வகுப்புக் கட்டை அடுக்கும்போது பூட்டக்காவின் கை நின்றது. காலையில் அவரே கொடுத்து, நான் கட்டில் சேர்த்திருந்த சீட்டு. அவருடைய இரண்டு வரிக்கும் கீழே, பென்சிலில், காலையில் நானும் கவனிக்காத பொடி எழுத்தில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. மகள் அவருக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறாள்.

'வீட்டிலும் இப்படித்தான்.'

"வரட்டும் அவ" என்றார் பூட்டக்கா. பதினோரு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். (இதை அடிக்கவில்லை. நடந்தது.)

7.

திருத்த அறிவிப்பை அப்போதே கணினியில் அடித்தேன். பழைய தாள் எதையும் திறக்கவில்லை. காலிப் பக்கம் என்னை முறைத்தது. கதை எழுதும்போது அது முறைப்பது பழக்கம்தான், சம்பள நேரத்தில் முறைப்பது அதுதான் முதல் தடவை.

'நம் வாயிற்காவலர் விடைபெறவில்லை. தவறு அலுவலக எழுத்தருடையது. எழுதிய இரண்டு வரிகளை யாரும் திரும்பப் பெற வேண்டியதில்லை.'

பூட்டக்கா வாங்கி மூன்று தடவை படித்தார்.

"இது எந்த வருஷத்துது சார்?"

"இப்ப அடிச்சதுக்கா. சூடா இருக்கு பாருங்க."

தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

8.

இனி புதன்கிழமை. கமிட்டி கூடியது, கதவு சாத்தப்பட்டது. நான் வெளியே.

முடிவு அ: கதவு திறக்கிறது. நிரந்தரம். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். (தங்கை படித்துவிட்டு, "பாட்டு எங்கண்ணா?" என்றாள்.)

முடிவு ஆ: மிச்ச இரண்டு புகார்கள் வென்றுவிடுகின்றன. நான் தப்பாக அச்சடித்தது பலித்து, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் முற்றத்தில் நிஜமாகவே கூடி (இந்த வாக்கியத்தை ஐந்து தடவை தொடங்கினேன். விரல் போகவில்லை. அவரை ஒரு தடவை அனுப்பியது போதும்.)

எனக்கு முடிவு தெரியும். கமிட்டியின் முடிவுக் கடிதத்தைக் கணினியில் அடித்தவனே நான்தான், அதையும் காலிப் பக்கத்தில். ஆனால் தங்கையின் வாக்கைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. எனவே, அன்புள்ள வாசகர்களுக்கு, வணக்கம்.

- - - - - - இங்கே கிழிக்கவும் - - - - - -

கதையின் முடிவு (இரண்டு வரிக்குள்): ..............................

..................................................................

வாசகர் கையொப்பம்: ....................

குறிப்பு: நிரப்பிய சீட்டை வாயிலில் உள்ள பெட்டியில் போடவும். எட்டரைக்கு மேல் வருபவர்கள் பெயர், நேரம், காரணம் எழுதிய பிறகே உள்ளே வரலாம். கதையை எழுதியது நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன், பூட்டக்கா விடவில்லை. இந்தக் குறிப்பை மட்டும் அடுத்த வருடம் மாற்ற வேண்டியதில்லை.