இடது சீட்டில் யாரும் இல்லை

வண்டி வாங்கிய இருபதாவது நாள் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டிரைவருக்கு இடப்பக்கம் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் அடிக்குமே, அந்த டிங் டிங். சீட்டில் ஒரு ஈ, எறும்பு கிடையாது. ஷோரூமில் கொண்டுபோய்க் காட்டினால், "சென்சார் நல்லாத்தான் இருக்குதுங்க சார், பை எதுனா வெச்சிருந்தீங்களா" என்கிறான். எனக்கு மூக்கின்மேல் கோபம், அது ஊருக்கே தெரியும். அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு வெளியே வந்து ஸ்டார்ட் செய்தேன். மறுபடி அடித்தது. ஆளில்லாத சீட்டுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டினேன், நின்றது. அன்றிலிருந்து அதைக் கழற்றவேயில்லை.

அதே வாரம்தான் அதியமான்கோட்டை டீக்கடையில் நவநீதன் பேச்சை எடுத்தான்.

"இனிகோ போட்ட பிளானை நாமளாச்சும் முடிக்கணும்டா, ஃபிராங்க்ளின். அந்த விஸ்கி ஃபேக்டரி. ஆறு வருசமாச்சு."

இனிகோ எங்கள் கூட்டாளி. சர்க்கரை ஆலையில் வேலை. ஒரு சொட்டு குடிக்க மாட்டான், ஆனால் விஸ்கி காய்ச்சுகிற இடத்தைப் பார்க்க அவனுக்குத்தான் வெறி. "நம்ம மில்லுல மிஞ்சுற பாகுலதான்டா சரக்கு காச்சறாங்க. அது கடைசில என்னாவுதுன்னு கண்ணால பாக்கணும்" என்பான். பெங்களூர் தாண்டி ஒரு தோட்ட வீட்டில் ஒரு நாள் தங்கல், மறுநாள் ஃபேக்டரி என்று டயரித் தாளில் எழுதியே வைத்திருந்தான். போகுமுன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

தோட்ட வீட்டுக்குச் சொல்லியாயிற்று. நாட்டுக்கோழிக்கு இன்னொரு கூட்டாளி பூவரசன் பொறுப்பு. ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்க மொபைலில் பதிவு செய்துகொண்டிருந்த நவநீதன் நிமிர்ந்தான்.

"குடிக்காத டிரைவர் பேரு கேக்குதுடா."

அவன் விரல் அதற்குள் 'இனி' என்று அடித்துவிட்டிருந்தது. மூன்று பேரும் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தோம். பூவரசன் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"நான் ஓட்டறேன். என் பேரைப் போடு" என்றேன்.

"அவன் போனதுல இருந்து இவன் தொடறதில்லைடா" என்று நவநீதன் பூவரசனிடம் பெருமையாகச் சொன்னான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

இனிகோ போனது, நாங்கள் மேட்டூருக்கு மீன் சாப்பிடப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொப்பூர் இறக்கத்தில் வண்டி மூன்று முறை உருண்டது. இனிகோ ரோட்டில் கிடந்தான். யார் ஓட்டியது என்று போலீஸ் கேட்டது. பின்சீட்டில் போதையில் தூங்கிக்கொண்டு வந்த நவநீதன், "இனிகோதாங்க, எப்பவும் அவன்தான் ஓட்டுவான்" என்றான். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினான். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி டீக்கடையில், "குடிச்சிருக்கடா, சாவியைக் குடு" என்று கெஞ்சியவனைத் திட்டிவிட்டு ஓட்டியவன் நான். அவன் இடது சீட்டில் இருந்தான்.

ஓட்டும்போது கண்ணயர்ந்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. முந்தின ராத்திரி அவன் மனைவி சுபாவுக்குக் காய்ச்சல்; விடிய விடிய பக்கத்திலேயே இருந்திருக்கிறான். "எம்புள்ளயத் தூங்க வுடாம கொன்னுட்ட" என்று மாமியார் மிக்கேலம்மாள் கல்லறையிலேயே கத்தினார். அதோடு மருமகளிடம் பேச்சில்லை. சுபாவும் அதை நம்பிவிட்டாள். ஆறு வருடமாக இதெல்லாம் தெரிந்துதான் நான் சோறு தின்றுகொண்டிருக்கிறேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?

சனிக்கிழமை காலை கிளம்பும்போது சுபா போன் செய்தாள். மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் அவள் வாடகை வீட்டு வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினேன். டயரித் தாளோடு வந்தாள்.

"அண்ணா, அவரு எழுதுனது. ரொம்ப ஆசப்பட்டாரு. இதையாச்சும் கூட்டிக்கிட்டுப் போங்க." இடப்பக்கக் கதவைத் திறந்தவள் நின்றாள். "ஆளில்லாத சீட்டுக்கு எதுக்குங்கண்ணா பெல்ட்டு?"

நான் சொல்வதற்குள் கழற்றிவிட்டுத் தாளை சீட்டில் வைத்தாள். டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. ஒரு தாளுக்கு என்ன கனம் இருக்கும்?

"அவரு எடம்னா நீங்க உக்காந்திருக்கற எடந்தான். இருந்தாலும் இங்கியே இருக்கட்டும்" என்றாள்.

"அவன் எடம் அதுதாம்மா."

"என்னங்கண்ணா?"

"அன்னிக்கு வண்டிய ஓட்டுனது நான். குடிச்சிருந்தேன். அவன் அந்தப் பக்கம் உக்காந்திருந்தான்."

சத்தம் நிற்காமல் அடித்தது. சுபா கதவைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

"அவரு தூங்கலயா?"

"இல்லம்மா. நிறுத்துடா, நிறுத்துடான்னு சொல்லிக்கிட்டே வந்தான்."

"பெல்ட்டு போட்டிருந்தாரா?"

"போடல. போடறதுக்குள்ள நான் வண்டிய எடுத்துட்டேன்."

அவள் தாளை எடுத்து, உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டினாள். சத்தம் நின்றது.

"அத்த வூட்டுக்கு வுடுங்க. இத அங்க வந்து சொல்லுங்க."

நாலு கிலோமீட்டர்தான். இரண்டாவது கியரைத் தாண்ட எனக்குத் தைரியம் வரவில்லை. தோட்ட வீட்டில் பதினோரு மணிக்கு உள்ளே விடுவான், எங்கேடா இருக்க என்று நவநீதன் அழைத்துக்கொண்டே இருந்தான், நான் எடுக்கவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டு மிக்கேலம்மாள் வெளியே வந்தார். அவர் மகனின் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவன் நான். வருடாவருடம் கல்லறைத் திருநாளுக்கு அவருக்கு மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுப்பவனும் நான்தான்.

"வா சாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்டியா? எளைச்சிப் போயிட்டியே."

எனக்குப் பக்கத்தில் சுபா நின்றிருந்தாள். அவளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.