மரநாய்ப் பாதை

வேலிகாத்தான் புதருக்குள் முட்டி போட்டு, மரத்தில் கட்டியிருந்த கேமராவின் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள் தபீதாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரியோரப் புதர்க்காட்டில் என்னென்ன மிருகம் இருக்கிறதென்று வனத்துறைக்காரர்கள் பதிவு செய்து வரைபடம் போடுகிறார்கள். பேட்டரி மாற்றுவதும், மெமரி கார்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் வேலை.

கேமரா கட்டிய அன்றைக்கே அதிகாரி ஸ்ரீநிவாசராகவனிடம் கேட்டாள். "சார், எங்க பொம்பளைங்க காலைல ஒதுங்க வர்ற வழி இது. வேற எங்கனா கட்டேன் சார்."

"மரநாய் வர்ற பாதை இதாம்மா. நாங்க அனிமல்ஸ மட்டும்தான் பாப்போம், பயப்படாதீங்க."

அதை நம்பிக் குடிசை குடிசையாகப் போய்ச் சொன்னவளும் அவள்தான்.

அடுத்த முறை ஆபீஸில் கார்டைக் கொடுத்தபோது, கம்ப்யூட்டரைச் சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். எட்டிப் பார்த்தாள். திரையில் பக்கத்து வீட்டு குல்ஷன். மாசமாயிருக்கிற வயிற்றோடு, ஒரு கையால் மரத்தைப் பிடித்தபடி குந்தியிருந்தாள்.

"அழிச்சுடு சார். புள்ளத்தாச்சி சார் அவ."

"டேட்டாவ அழிக்க முடியாதும்மா. மூஞ்ச மறைச்சிடறோம்." ஸ்ரீநிவாசராகவன் வரைபடத்தைத் திறந்தார். நரிக்கும் கீரிக்கும் மரநாய்க்கும் பச்சைப் புள்ளிகள். நடுவில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு. "இதெல்லாம் மனித இடையூறு. வேலி போட்டாத்தான் மரநாய் தங்கும்."

"அப்போ நாங்க எங்க சார் போறது?"

"அது எங்க சப்ஜெக்ட் இல்லம்மா."

கம்பி கட்ட வந்தவர்களுக்குப் பாதை காட்டச் சொன்னார்கள். காட்டினாள். வேலை போனால் அடுப்பு எரியாது.

"மிருகத்த மட்டும்தான் புடிக்கும்னு நீதானக்கா சொன்ன?" என்று குல்ஷன் கேட்டாள்.

வேலி முடிந்த மறுநாள், விடியுமுன் பெண்கள் வேளச்சேரி சாலையோரக் கால்வாய்க்கு வந்தார்கள். எதிரில் டீக்கடை அப்போதே திறந்திருந்தது. தபீதாள் பழைய புடவை ஒன்றை இரு கையாலும் விரித்து, கடைப் பக்கம் மறைத்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பின்னால் குல்ஷன் உட்கார்ந்தாள்.

வளைவில் பஸ் ஒன்று ஹெட்லைட் வெளிச்சத்தோடு குல்ஷனின் முதுகுப் பக்கமாகத் திரும்பியது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். எழ முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தவளின் நிழல், புடவை முழுக்கப் பெரிதாக விழுந்தது.