மாடிவரை ஏறிய கொடி

தண்ணீர்க் குழாய் விஷயத்தில் தாவரவியல் வாத்தியாருக்கும் மாடியில் குடியிருந்த அவருடைய அண்ணனுக்கும் பேச்சு தடித்தது. தெருவே கேட்க நாலு வார்த்தை சொல்லிவிட்டு அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். வாத்தியாருக்குக் கை துறுதுறுத்தது. கீழ்வீட்டு மண்ணில் வேர்விட்டு, சுவரைத் தொற்றிக்கொண்டு மாடி ஜன்னலை எட்டியிருந்த கொடி கண்ணில் பட்டது. அடித்தண்டில் ஒரே வெட்டு. வெட்டின இடத்தைச் சருகால் மூடினார்.

ஆத்திரம் ஆறின பிறகுதான் அண்ணி நினைவுக்கு வந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஜன்னலோரக் கட்டிலில் படுத்ததிலிருந்து ஜன்னல் கம்பியில் பூக்கும் அந்த ஊதாப் பூக்கள்தான் அவருக்குப் பேச்சுத்துணை.

அந்த வாரம் வகுப்பில் ஏறுகொடிகள் பாடம். சொந்தமாக நிற்கத் தெம்பில்லாத தண்டு, எதையாவது பற்றிக்கொண்டு வெளிச்சம்வரை போய்விடும் என்று விளக்கியவர், மேற்கொண்டு சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார்.

இலைகள் துவண்டதும் அண்ணி கூப்பிட்டனுப்பினார்.

"மருந்து போட்டு வாய் கொப்புளிச்ச தண்ணிய ஜன்னல் வழியாத்தான் ஊத்துவேன், தம்பி. அதுலதான் கருகிடுச்சோ?"

"இருக்கலாம் அண்ணி" என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினார்.

அன்றிலிருந்து அண்ணி, தான் குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரைக் காலையில் கொடிமேல் ஊற்றத் தொடங்கினார். அது சுவர் வழியாக வழிந்து வாத்தியாரின் ஜன்னலைத் தாண்டிப் போகும். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு வாத்தியார் அதையே பார்த்தபடி இருப்பார். ஒரு வாய் இறங்காது. ஒரு நாள் தட்டை அப்படியே வைத்துவிட்டு மேலே போனார்.

"நான்தான் வெட்டினேன், அண்ணி. அண்ணன் மேல இருந்த கோபத்துல."

அண்ணி கம்பியில் தொங்கிய காய்ந்த இலையொன்றைக் கிள்ளி எடுத்தார்.

"கோபம் அவர் மேல. வெட்டினது என்னோடத. சரி, அதாவது போகட்டும். நான்தான் கொன்னுட்டேன்னு இத்தன நாளா அழுதுட்டு இருந்தேனே, அத எப்படிப் பாத்துட்டு இருந்தீங்க?"

வாத்தியார் ஜன்னலருகே போனார். காய்ந்த கொடியைக் கம்பியிலிருந்து துண்டு துண்டாகப் பிரித்து எடுத்தார். அண்ணி தடுக்கவில்லை.

மறுவாரம் அதே ஜாதிக் கன்று ஒன்றை வாங்கிவந்து, கீழே பழைய இடத்திலேயே நடட்டுமா என்று கேட்டார். அண்ணி தலையசைத்து மறுத்தார்.

"தொட்டியில வெச்சு இங்கயே குடுங்க, தம்பி. இந்தத் தடவ வேர் என் பக்கத்துலயே இருக்கட்டும்."

மண் நிரப்பிய தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாத்தியார் மாடியேறினார்.