ஒரே ஆணியில் இரண்டு காலண்டர்

ஆற்றுக்கு இந்தக் கரை ஒரு மாநிலம், அந்தக் கரை வேறு மாநிலம். நடுவில் ஒரு பாலம். இரு பக்கமும் விடுமுறை நாட்கள் வேறு வேறு. அதனால் பள்ளி வேன் ஓட்டுபவர் வீட்டில் ஒரே ஆணியில் இரண்டு காலண்டர்கள் தொங்கும். மேலே இக்கரையுடையது, அடியில் அக்கரையுடையது. பாலம் தாண்டுவதென்றால் மேல்தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது மனைவி போட்ட சட்டம். அந்தப் புதன்கிழமை அவர் தூக்கிப் பார்க்கவில்லை.

கட்டாயம் பார்த்திருக்க வேண்டிய நாள். சுகாதார நிலையத்தில் பதினெட்டு வருடமாக உதவியாளராக இருக்கும் அவர் மனைவிக்கு மறுநாள் பதவி உயர்வுத் தேர்வு. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கண்ணாடிமேல் உட்கார்ந்தவர் இவர்தான். அக்கரைக் கடையில் பழுதுபார்க்கக் கொடுத்து, புதன் மதியம் வாங்கி வருவதாக வாக்கும் கொடுத்திருந்தார்.

காலைச் சவாரி முடிந்து வேனோடு போய் நின்றால், கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு எங்க பக்கம் லீவு அண்ணே. உங்க பக்கம் இல்லையா?"

"எங்க பக்கம் வேலைம்மா. என் புத்திதான் லீவு போட்டுடுச்சு."

அவள் சிரித்துவிட்டு, கண்ணாடிக் கடைக்காரர் குடியிருப்பதே வேன்காரர் பக்கம், இக்கரையில்தான் என்றாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பச்சை கேட்.

வந்த வழியே திரும்பினார். பச்சை கேட்டுக்குள் கடைக்காரர் ஏணிமேல் நின்று சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். பாதிச் சுவர் முடிந்திருந்தது.

"மூணு லீவா அந்த பெயிண்ட் டப்பாவை முறைச்சுப் பார்த்துட்டு இருந்தார். இன்னிக்குத்தான் ஏணி ஏறியிருக்கார்" என்றாள் கடைக்காரரின் மனைவி.

 நாளைய தேர்வை நினைத்து, வேன்காரர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் சுவரை ஒருமுறை பார்த்தார், வாளியில் கரைத்து வைத்த பெயிண்டைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்தார்.

"அதுமேல உட்கார்ந்தது யாரு?"

"நான்தாங்க."

"நினைச்சேன். ஃப்ரேம் சப்பாத்தி மாதிரி ஆயிடுச்சு. புதுசுல ஒரு வில்லை இன்னும் மாட்டலை. வாங்க, போவோம்."

கையில் பெயிண்ட் காயாமலே வேனில் ஏறிக்கொண்டார். ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து நுழைந்து, அரை மணி நேரம் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து வில்லையைப் பொருத்தினார். மூன்றரைக்குப் பள்ளி மணி அடித்தபோது வேன் பள்ளி வாசலில் நின்றது.

மாலையில் நடந்ததைக் கேட்ட மனைவி, கண்ணாடியைப் போட்டதும் முதல் வேலையாக அடிக் காலண்டரைப் படித்தாள்.

"சிவப்புல இவ்வளவு பெருசாப் போட்டிருக்கான்."

"அப்போ எனக்கும் ஒரு கண்ணாடி வாங்கணும்."

"அது இருக்கட்டும், அவர் சுவர் என்ன ஆச்சு?"

வேன்காரர் தலையைச் சொறிந்தார். வாளியிலிருந்தது காய்ந்து கட்டியாகியிருக்கும். அவள் மேல் காலண்டரில் விரலை ஓட்டி, மூன்று வாரம் தள்ளி ஒரு தேதியில் நிறுத்தினாள்.

"இன்னிக்கு உங்களுக்கு வேலை, அவருக்கு லீவு. இந்தத் தேதியில அவருக்கு வேலை, உங்களுக்கு லீவு."

அந்தத் தேதியில் கடைக்காரர் அக்கரையில் கடை திறந்திருந்தார். இக்கரையில் வேன்காரர் அவருடைய ஏணிமேல் நின்றார். எல்லோருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைத்திருந்தால் தன் வேலைநாளில் அவர் ஓடிவந்திருக்க முடியாது, அவர் வேலைநாளில் தான் இந்தச் சுவரை முடித்திருக்கவும் முடியாது என்று தோன்றியது. கடவுள் கணக்காகத்தான் பங்கு போட்டிருக்கிறார்.

மூன்று வாரம் முன்பு அந்தத் தேர்வில் ஒரு கேள்வியும் விடாமல் எழுதியிருந்த மனைவி கீழே நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"வலது மூலை விட்டுப்போச்சு."

"எங்கே?"

"இன்னும் மேலே. அடிச்சுட்டே இருங்க, நான் சொல்றேன்."